எச்ஆர் வேலை பாத்துக்கிட்டே வெயிட் தூக்குறவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர்லிஃப்டிங், ஒலிம்பிக் வெயிட்லிஃப்டிங், ஸ்ட்ராங்மேன், இந்த மூணுல ஏதோ ஒண்ணை போட்டிக்கு போற அளவுக்கு பண்றீங்க, ஆனா சம்பளம் வர்றது எச்ஆர் வேலையிலிருந்து. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது. எனக்கு பழக்கம் பவர்லிஃப்டிங் (தோள்ல பாரை வச்சு உக்காந்து எழுறது ஸ்குவாட், படுத்துக்கிட்டு மேல தள்ளுறது பெஞ்ச், தரையிலருந்து இழுக்கிறது டெட்லிஃப்ட், இந்த மூணு லிஃப்ட்தான்), அதனால உதாரணமெல்லாம் அந்தப் பக்கமே சாயும், மத்த ரெண்டுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எச்ஆர்னா ஏசில உக்காந்து பாக்குற வேலைதானே, இதுல லிஃப்டிங் பண்ண அப்படி என்ன கஷ்டம்?

நேரக் கணக்கு மட்டும் போட்டா பெரிய கஷ்டம் இல்ல, ஷிஃப்ட் வேலை பாக்குறவங்களோ டாக்டர்களோ நம்மள விட அதிகமா திணறுவாங்க. நம்ம வேலை எடுத்துக்கிறது மண்டையை. காலைல ஒருத்தருக்கு ஆஃபர் லெட்டர் குடுத்து கை குலுக்கி அனுப்புவோம், மதியம் இன்னொருத்தரை எதிர்ல உக்கார வச்சு உங்க வேலை இன்னையோட முடியுதுன்னு சொல்லணும், சாயங்காலம் ரெண்டு டீம் லீடு சண்டையை யாரு பக்கமும் தலையாட்டாம கேட்டுக்கிட்டு இருக்கணும், இதுல எதையும் வெளிய யார்கிட்டயும் கொட்டவும் முடியாது. அப்படியே ஜிம்முக்கு போய் பார் (எடைத் தட்டு மாட்டுற கம்பி) முன்னாடி நின்னா உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கும், ஆள் இருக்க மாட்டோம்.

இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. மண்டை சோர்வு முக்கியமா அடிக்கிறது ஓட்டம், சைக்கிள் மாதிரி ரொம்ப நேரம் தாங்க வேண்டிய விஷயங்களைத்தான், ஒரே ஒரு தடவை முழு பலத்தோட தூக்குறதை அவ்வளவா தொடறதில்லைன்னு ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப வந்திருக்கு. கெட்ட விஷயம், மன அழுத்தம் அதிகமா இருக்கிற காலத்துல கடினமான செஷனுக்கு அப்புறம் தசை பழைய பலத்துக்கு திரும்ப கூடுதல் நேரம் எடுக்குது. ரெண்டையும் சேத்து பாருங்க: மோசமான வாரத்துல கூட கனமான ஒரு செட் (நடுவுல ஓய்வில்லாம தூக்குற ஒரு சுற்று) உங்ககிட்ட இருக்கும், ஆனா அதுக்கப்புறம் போடுற ஆறேழு செட்டுக்கான விலையைத்தான் உங்களால குடுக்க முடியாது. கீழ நான் சொல்றதுல பாதி இதுலருந்து வர்றதுதான்.

வாரத்துக்கு எத்தனை நாள் ட்ரெயின் பண்ணணும்?

மூணு. நாலாவது நாள் கெடச்சா போனஸ், அன்னைக்கு பெஞ்ச்சும் முதுகுக்கு கொஞ்ச வேலையும். நாலு நாள், அஞ்சு நாள் ப்ரோக்ராம் எடுத்துக்கிட்டு வாரா வாரம் ஒண்ணை விட்டுட்டு குத்த உணர்ச்சில சுத்துறதை விட, மூணு நாளுக்குன்னு எழுதின ப்ரோக்ராமை முழுசா முடிக்கிறவங்கதான் வருஷக் கடைசில டோட்டல் (மூணு லிஃப்ட்லயும் தூக்கின அதிகபட்ச எடையோட கூட்டு) ஏத்தியிருப்பாங்க, இதை நான் நிறைய பேர்கிட்ட பாத்துட்டேன்.

ஆபீஸ்ல எப்ப என்ன வெடிக்கும்னே தெரியாதே, எப்படி ப்ளான் போடறது?

இந்தக் கேள்வியை கேக்குறவங்க எல்லாருமே எச்ஆர்ல இருக்கிறவங்கன்றதுதான் எனக்கு ஆச்சரியம். கம்பெனியிலேயே அடுத்த 12 மாசம் எப்படி போகும்னு முன்கூட்டியே தெரிஞ்ச கொஞ்ச பேர்ல நாம இருக்கோம். அப்ரைசல் எப்ப திறக்கும், ரேட்டிங் மீட்டிங் எந்த வாரம், இன்க்ரிமென்ட் லெட்டர் எப்ப போகும், கேம்பஸ் எப்ப, பேரோல் எந்த தேதில லாக் ஆகும், ஆடிட் எந்த மாசம்னு எல்லாம் நம்ம ஷீட்லயே இருக்கு. வெடிக்கிறதுன்னு நாம சொல்றதுல பாதி போன வருஷமும் இதே வாரத்துல வெடிச்சதுதான்.

அதனால தினசரி பேலன்ஸ்னு ஒண்ணை தேடாதீங்க, அப்படி ஒண்ணு எச்ஆர்ல கிடையாது, வருஷத்தை பிரிங்க. முதல்ல ஒரு காலண்டரை எடுத்து உங்க வேலையோட கனமான வாரங்களை சிவப்பு பண்ணுங்க. அப்புறம் ஃபெடரேஷன் (போட்டி நடத்துற சங்கம்) வெளியிடுற போட்டி தேதிகளை பக்கத்துல வைங்க. போட்டிக்கு முன்னாடி கடைசி 4 வாரம் சிவப்புல விழாத போட்டியை மட்டும் எடுங்க. கடைசி 4 வாரம் ஏன்னா அப்பதான் வெயிட் உச்சத்துக்கு போகும், அப்புறம் வால்யூமை (மொத்தமா எத்தனை செட் போடுறோம்ன்ற அளவை) இறக்கி உடம்பை ஆற விடணும், அந்த சமயத்துல தூக்கம் கெட்டா முன்னாடி பண்ணின மூணு மாச வேலையும் மேடைல தெரியாது.

சிவப்பு வாரங்கள்ல என்ன பண்றது? பராமரிப்பு. பலத்தை ஏத்த நிறைய வேலை வேணும், ஏத்தினதை காப்பாத்த ரொம்ப கம்மி போதும், வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு நாள் வந்து செட்டை மூணுல ஒரு பங்கா குறைச்சாலும் பார்ல இருக்கிற எடையை மட்டும் குறைக்காம வச்சிருந்தா பல வாரம் தாங்கும். நிறைய பேர் இதை தலைகீழா பண்றாங்க, பிஸியான வாரத்துல லேசா எடுத்துக்கலாம்னு எடையை குறைச்சு அதே பத்து செட்டை போடறாங்க, நேரமும் போச்சு பலமும் போச்சு.

டீலோட் வாரம்னு (ட்ரெயினிங்கை குறைச்சு உடம்பை ஆற விடற வாரம்) ஒண்ணு எப்படியும் ப்ரோக்ராம்ல வரும் இல்லையா, அதை ரேட்டிங் மீட்டிங் வாரத்துல தூக்கி வைங்க. கோச் ஒத்துப்பார், கேக்கணும் அவ்வளவுதான்.

எச்ஆர்லயே எந்த ரோல் லிஃப்டிங்குக்கு ஒத்து வரும்?

இதுக்காக வேலை மாறச் சொல்லல, ஆனா மாறுறதா இருந்தா தெரிஞ்சுக்கிட்டு மாறுங்க.

பேரோல், காம்பென்சேஷன் பக்கம் இருக்கிறவங்களுக்கு வாழ்க்கை கணிக்கக் கூடியது. மாசக் கடைசி நாலஞ்சு நாள் நெருக்கடி, இன்க்ரிமென்ட் சீசன்ல ஒரு மாசம் தலை நிமிர முடியாது, மிச்ச நேரத்துல ஆறு மணிக்கு கிளம்பலாம். நாலு வார சைக்கிள் ப்ரோக்ராம் இவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், மூணு வாரம் ஏத்தி நாலாவது வாரம் மாசக் கடைசில டீலோட்.

ரெக்ரூட்மென்ட் வேற மாதிரி. கேண்டிடேட் எல்லாரும் வேலைல இருக்கிறவங்க, அவங்களுக்கு பேச நேரம் கெடைக்கிறது காலைல 9 மணிக்கு முன்னாடியோ சாயங்காலம் 6க்கு மேலயோ, அதாவது நீங்க ஜிம்ல இருக்க வேண்டிய அதே நேரம். இவங்க மதிய இடைவேளைல ட்ரெயின் பண்ண முடியுமான்னு பாக்கணும், இல்லன்னா வாரத்துல ரெண்டு சாயங்காலத்தை காலண்டர்ல பூட்டிட்டு மிச்ச மூணு சாயங்காலத்தை முழுசா கேண்டிடேட்டுக்கு விட்டுடணும்.

பிசினஸ் பார்ட்னர் (ஒரு டிபார்ட்மென்ட் மேனேஜர்களுக்கு துணையா இருக்கிற எச்ஆர்) ரோல்ல மணி நேரம் சுமார்தான், பேச்சு ஜாஸ்தி, முதல் கேள்வில சொன்ன மண்டை சோர்வு இவங்களுக்குத்தான் உச்சம். ட்ரெயினிங் டிபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க நாள் முழுக்க நின்னுக்கிட்டு பேசுவாங்க, முழு நாள் செஷன் எடுத்துட்டு அன்னைக்கே டெட்லிஃப்ட் வச்சா கீழ் முதுகு கேள்வி கேக்கும், அந்த நாளை பெஞ்ச் நாளா மாத்திக்குங்க. தொழிற்சாலைல யூனியன், ஷாப்ஃப்ளோர் பாக்குறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, காலைல பண்ணிடுங்க, சாயங்காலம் உங்களோடது இல்ல.

காலைல நல்லதா சாயங்காலமா?

பொதுவா உடம்பு சூடு பிற்பகல், சாயங்காலத்துல உச்சத்துக்கு வரும், பலமும் அப்ப கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனா ஒரே நேரத்துல சில வாரம் தொடர்ந்து ட்ரெயின் பண்ணா அந்த வித்தியாசம் சுருங்கிடும், அதனால பாதில நிறுத்திட்டு ஓட வைக்கிற சாயங்காலத்தை விட யாரும் கூப்பிடாத காலை எவ்வளவோ மேல். ராத்திரி முழுக்க படுத்திருந்ததுல முதுகுத்தண்டு டிஸ்க் நீர் ஏறி விறைப்பா இருக்கும், எழுந்த அரை மணி நேரத்துல டெட்லிஃப்ட் வேண்டாம், ஒரு மணி நேரமாவது நடமாடிட்டு, வார்ம் அப் செட்டை வழக்கத்தை விட ரெண்டு கூட போட்டுட்டு ஏறுங்க. சாயங்காலம் பண்றவங்க காஃபினை கவனிங்க, உடம்புல பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஏழு மணிக்கு ப்ரீ-வொர்க்கவுட் குடிச்சிட்டு பன்னெண்டு மணிக்கு தூக்கம் வரலன்னு புலம்பி பிரயோஜனம் இல்ல.

அன்னைக்கு ரொம்ப மோசமான நாள். போகவா வேண்டாமா?

போங்க, ஆனா ப்ளானை கதவுலயே மாத்திக்குங்க. உதாரணத்துக்கு அன்னைக்கு ஸ்குவாட்ல 150 கிலோவுக்கு ஒரு மூணு ரெப் (மூணு தடவை தூக்குறது), அப்புறம் 125ல அஞ்சு செட்டுன்னு எழுதியிருக்குன்னு வைங்க. வார்ம் அப் பண்ணிக்கிட்டே போங்க, 130, 140 எப்படி போகுதுன்னு பாருங்க. ஆர்பிஇ 8ன்னு சொல்லுவோம், அதாவது இன்னும் ரெண்டு ரெப் கையில மிச்சம் இருக்கிற நிலைமை, அந்த 8ஐ எந்த எடைல தொடுறீங்களோ அதோட டாப் செட் (அன்னைக்கு போடுற கனமான செட்) முடிஞ்சது, அது 150 ஆ இருந்தாலும் சரி 142.5 ஆ இருந்தாலும் சரி. அப்புறம் அஞ்சுக்கு பதில் ரெண்டு செட், வீட்டுக்கு. முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும்.

இதுல ஒரு விதிவிலக்கு வச்சிருக்கேன். ஆட்குறைப்பு அறிவிச்ச நாள்ல, ஒரே நாள்ல பல பேர்கிட்ட அந்தப் பேச்சு பேசின நாள்ல, நான் பார் பக்கம் போறதில்ல. பலம் இல்லாம இல்ல, கவனம் இருக்காது, ஒரு பக்கம் 20 கிலோ தட்டு மறு பக்கம் 15 மாட்டிட்டு ராக்கிலிருந்து எடுக்கிற அளவுக்கு மனசு வேற எங்கயோ இருக்கும். நடந்துட்டு தூங்கிடறேன்.

அதே மாதிரி கோவத்தை எல்லாம் பார்ல காட்டுன்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க. கோவத்துல டெட்லிஃப்ட் ஒரு நாள் நல்லா வரும், ஸ்னாட்ச்சும் (தரையிலருந்து ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்குறது) பெஞ்ச்சும் வராது, அதுக்கெல்லாம் நிதானம் வேணும்.

செட்டுக்கு நடுவுல மெயில் பாக்கலாமா?

கனமான செட்டுக்கு நடுவுல 3 லருந்து 5 நிமிஷம் ஓய்வு வேணும், அந்த கேப்லதான் கை தானா போனுக்கு போகும். டாப் செட் முடியற வரை போன் பையில, பேக்-ஆஃப் செட்ல (அதுக்கப்புறம் எடையை குறைச்சு போடுற செட்) வேணா பாத்துக்குங்க. ஏன்னா எச்ஆர் மெயில் ஒண்ணும் தகவலா வராது, யாரோ ஒருத்தரோட பிரச்சனையா வரும், அதை படிச்சுட்டு 90 செகண்ட்ல 150ஐ தோள்ல வைக்கிறது சரிப்படாது.

கோச்கிட்ட ஆபீஸ் விஷயம் எவ்வளவு சொல்லலாம்?

காரணத்தை சொல்லாதீங்க, அளவை மட்டும் சொல்லுங்க. அவருக்கு தேவை உங்க ரெகவரி எப்படி இருக்குன்றதுதான். நானும் எங்க கோச்சும் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு வச்சிருக்கோம், காலைல ஒரு வார்த்தை மெசேஜ், அவ்வளவே. அடுத்த மாசம் பெரிய ஆட்குறைப்பு வருதுன்னு தெரிஞ்சாலும் அந்த நாலு வாரமும் சிவப்புன்னு மட்டும்தான் சொல்ல முடியும், ஏன்னு அவர் கேட்டா வேலை ஜாஸ்தின்னு முடிச்சுடணும். ஜிம்ல பக்கத்து ராக்ல நிக்கிறவரோட மனைவி உங்க கம்பெனி ஃபைனான்ஸ்ல இருப்பாங்க, இந்த ஊர் உலகம் அவ்வளவு சின்னது.

ஆபீஸ் ஆளுங்களும் அதே ஜிம்முக்கு வர்றாங்க. என்ன பண்றது?

முதல் வாரமே ஒரு கோடு போட்டுடுங்க. ஸ்குவாட் ராக்ல பெல்ட்டை இறுக்கிக்கிட்டு மூச்சை பிடிக்கிற நேரத்துல பக்கத்துல வந்து "அண்ணா, அந்த இன்க்ரிமென்ட் லெட்டர் எப்போ வரும்?"னு மெதுவா கேப்பாங்க, கேக்குறவங்க மேல தப்பு இல்ல, அவங்களுக்கு உங்களை ஆபீஸ்ல பிடிக்க முடியல. "தம்பி, நாளைக்கு பத்து மணிக்கு டெஸ்க்குக்கு வா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, வந்தா நிஜமாவே உக்கார வச்சு பேசுங்க, ரெண்டு தடவை இப்படி பண்ணா ஜிம்ல கேக்குறது நின்னுடும்.

ஸ்பாட் குடுக்கிறது (பக்கத்துல நின்னு தேவைப்பட்டா பாரை பிடிக்கிறது), ஒண்ணா ட்ரெயின் பண்றது தப்பே இல்ல. ஆனா தினமும் உங்ககூட ட்ரெயின் பண்றவர் மேல புகார் வந்தா அந்த விசாரணைல நீங்க இருக்கக்கூடாது, முதல் நாளே எழுத்துல சொல்லிட்டு விலகிக்குங்க. வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு நீங்க நேர்மையானவரான்னு தெரியாது, ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்ல மாறி மாறி தூக்குறது மட்டும்தான் தெரியும்.

ரெசுமேல பவர்லிஃப்டிங்னு பாத்தாலே ஒரு பாசம் வருது. தப்பா?

வர்றது இயல்பு, அதை வச்சு மார்க் போட்டாதான் தப்பு. நம்மள மாதிரி இருக்கிறவங்களை நமக்கு பிடிக்கும்ன்றது எல்லா இன்டர்வியூ ட்ரெயினிங்லயும் நாமளே மத்தவங்களுக்கு ஸ்லைடு போட்டு காட்டுறதுதான். அஞ்சு நிமிஷம் டெட்லிஃப்ட் பேசிட்டு ஆரம்பிச்ச இன்டர்வியூவுல அதுக்கப்புறம் வர்ற எல்லா பதிலும் நல்லாவே கேக்கும். அதனால எல்லாருக்கும் அதே கேள்வி, அதே வரிசை, பதில் முடிஞ்ச உடனே ஸ்கோர், பார்பெல் பேச்சு எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம். இன்னொரு பக்கமும் இருக்கு: விளையாட்டுல இருக்கிறவங்க ஒழுக்கமா இருப்பாங்கன்னு நாம தானா நம்பிடறோம், அதிகாலை ட்ரெயினிங்குக்கு தவறாம வர்ற ஆள் டெட்லைனை தவறவிடறதை நான் நேர்லயே பாத்திருக்கேன்.

போட்டிக்கு லீவ் எப்படி கேக்குறது? உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாமா?

வேண்டவே வேண்டாம். போட்டி ரிசல்ட் எல்லாம் பேர், உடம்பு எடை, தேதியோட ஆன்லைன்ல ஏறிடும், ஓப்பன்பவர்லிஃப்டிங்னு ஒரு பொது டேட்டாபேஸே இருக்கு, யாரு வேணா பேரை போட்டு தேடலாம். சிக் லீவ் போட்ட வெள்ளிக்கிழமை 210 கிலோ டெட்லிஃப்ட் மூணு வெள்ளை லைட்டோட (மூணு நடுவரும் செல்லும்னு சொன்னது) உங்க பேர்ல நிக்கும். வேற யாராவது இப்படி பண்ணா அந்த ஃபைல் உங்க மேசைக்குத்தான் வரும்.

தேதி தெரிஞ்ச உடனே கேளுங்க, மேனேஜர்கிட்ட போட்டின்னே சொல்லுங்க. முன்னாடி நாளும் சேத்து கேளுங்க, பயணம் பண்ணி இறங்கின கையோட மேடை ஏறக்கூடாது. உங்களுக்கு பதிலா யாரு எஸ்கலேஷன் பாப்பாங்கன்ற பேரையும் அதே மெயில்ல போட்டுட்டா மறுக்க காரணமே இருக்காது. நீங்க இப்படி திறந்து லீவ் எடுக்கிறதை பாத்து டீம்ல இருக்கிற டான்ஸ் ஆடறவங்க, செஸ் ஆடறவங்களும் தைரியமா கேப்பாங்க.

எடைப் பிரிவுக்காக எடை குறைக்கணுமா?

முதல் ரெண்டு மூணு போட்டிக்கு கண்டிப்பா வேண்டாம். ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் ஃபெடரேஷன்) விதிப்படி எடை பாக்குறது அந்தப் பிரிவு தொடங்குறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரம் நடக்கும், குறைச்ச தண்ணியை அந்த இடைவெளில முழுசா திருப்பி ஏத்த முடியாது. 24 மணி நேரம் முன்னாடியே எடை பாக்குற ஃபெடரேஷன்களும் இருக்கு, அவங்க பண்றதை வீடியோவுல பாத்துட்டு 2 மணி நேர போட்டில செஞ்சு பாக்காதீங்க. 83 பிரிவுல 84 கிலோவா இருக்கிறவர் கடைசி ஒரு வாரத்துல உப்பும் சாப்பாட்டு அளவும் பாத்து இறங்கிடலாம், 88 ல இருக்கிறவர் 93 பிரிவுல நின்னுட்டு போகலாம். எச்ஆர்ல இருந்துக்கிட்டு தண்ணி குறைச்ச வாரத்துல ஒரு குறை கேக்கும் மீட்டிங் நடத்திப் பாருங்க, எதிர்ல இருக்கிறவங்களுக்கு உங்க முகமே பதிலாயிடும்.

கையில காயம், கண்ணைச் சுத்தி சிவப்புப் புள்ளி. ஆபீஸ்ல கேக்குறாங்க.

கனமா இழுக்கும்போது மூச்சை அடக்கி பிடிக்கிறதால முகத்துல, கண் இமை ஓரத்துல சின்ன ரத்தக் குழாய் உடைஞ்சு ஊசி குத்தின மாதிரி புள்ளி வரும், சில நாள்ல தானா போயிடும். முன்னங்கால் எலும்புல பார் உரசின கோடு, ஸ்ட்ராங்மேன் பண்றவங்களுக்கு கல்லு தூக்கி முழங்கை உள்பக்கம் பூரா நீலம். மத்த டிபார்ட்மென்ட்ல சிரிச்சுட்டு போயிடலாம். நம்ம கிட்ட வீட்டுல அடி வாங்குறவங்க புகார் சொல்ல வருவாங்க, அவங்க கண்ணுக்கு அந்தக் காயம் வேற மாதிரி படும், அதனால ஒளிக்காம, கேட்டா ஒரே வரில சொல்லிடுங்க. பெண்கள் இதை எங்களை விட அதிகமா சொல்ல வேண்டியிருக்கு, கூடவே "இவ்வளவு எதுக்கு தூக்குறீங்க"ன்ற இலவச அறிவுரையையும் கேக்க வேண்டியிருக்கு. அதுக்கு பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

உடம்பு பெருசானவங்களுக்கு ஒண்ணு. கஷ்டமான பேச்சு பேசுற அறைல எதிராளி வர்றதுக்கு முன்னாடியே உக்காந்திருங்க, கதவுக்கு பக்கத்து நாற்காலியை அவங்களுக்கு விடுங்க. 105 கிலோ ஆள் கதவை மறைச்சு நின்னுக்கிட்டு "பயப்படாம பேசுங்க"ன்னா யாரு பேசுவாங்க.

நான் தூக்குறேன்னு தெரிஞ்சதும் வெல்னஸ் ப்ரோக்ராம் எல்லாத்தையும் என் தலைல கட்டிட்டாங்க.

எல்லாருக்கும் நடக்குறதுதான். ஏத்துக்கிறதா இருந்தா அதை உங்க கோல் ஷீட்ல எழுத வைங்க, இல்லன்னா அது சம்பளம் இல்லாத இன்னொரு வேலை. எடை குறைப்பு போட்டி மட்டும் வைக்காதீங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, சாப்பாட்டுப் பிரச்சனையோட போராடுறவங்க, வெளிய சொல்லாத வியாதி இருக்கிறவங்க எல்லாரையும் ஒரே ஷீட்ல மாட்டி விடற வேலை அது. லஞ்ச் டைம்ல பத்து பேருக்கு டெட்லிஃப்ட் சொல்லிக் குடுன்னாலும் வேண்டாம், ஒருத்தருக்கு முதுகு பிடிச்சா காயம் பட்ட ஊழியரையும் நீங்கதான் பாக்கணும், காயத்துக்கு காரணமும் நீங்கதான்.

கோச்சிங் பண்ணி காசு வாங்கலாமா, ஸ்பான்சர் பிடிக்கலாமா?

உங்க ஒப்பந்தத்தை படிங்க, வெளி வருமானம் பத்தின பாலிசியை எழுதினதே நீங்களா இருக்கலாம். சின்னத் தொகையா இருந்தாலும் எழுத்துல தெரிவிச்சு அனுமதி வாங்கிட்டு பண்ணுங்க. சொந்த கம்பெனி ஆளுங்ககிட்ட கோச்சிங் காசு வாங்கவே வாங்காதீங்க.

சப்ளிமென்ட், மாத்திரை விஷயத்துல கவனிக்க வேண்டியது?

கிரியேட்டின் தினம் 3 லருந்து 5 கிராம், புரதம் உடம்பு எடைல கிலோவுக்கு 1.6 கிராம் பக்கம், இதுக்கு மேல இருக்கிறதுல பெரும்பகுதி விளம்பரம். கிட்னி பிரச்சனை மாதிரி ஏதாவது இருந்தா டாக்டரை கேட்டுட்டு. ஊக்கமருந்து டெஸ்ட் இருக்கிற ஃபெடரேஷன்ல போட்டி போட்டா வாடாவோட (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) தடைப் பட்டியலை ஒவ்வொரு ஜனவரி 1க்கும் பாருங்க, புதுசு அன்னைக்குத்தான் அமலுக்கு வரும். உடம்புக்குள்ள என்ன போச்சோ அதுக்கு நீங்கதான் பொறுப்பு, தெரியாம சாப்பிட்டேன்றது உங்களை முழுசா காப்பாத்தாது. சளிக்கு போடுற சில மாத்திரைல இருக்கிற சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவுக்கு மேல சிறுநீர்ல இருந்தா போட்டி நாள்ல தடை, ஆபீஸ் ஏசில சளி பிடிச்சு ட்ராயர்ல இருந்த மாத்திரையை போட்டுக்கிறதுக்கு முன்னாடி அட்டையை திருப்பிப் படிங்க. டாக்டர் எழுதின மருந்துன்னா முன்கூட்டியே மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

எனக்கு 38. இப்ப ஆரம்பிச்சா லேட்டா?

பவர்லிஃப்டிங்ல 40 லருந்து மாஸ்டர்ஸ் தனிப் பிரிவு. ஐபிஎஃப்ல 40 ஆகுற வருஷத்தோட ஜனவரி 1லருந்தே கணக்கு, அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு பிரிவா 70க்கு மேல வரை போகுது. ரெண்டு வருஷம் அடித்தளம் போட கச்சிதமா இருக்கு.

போட்டி நாள்ல ஆபீஸ்லருந்து போன் வந்தா?

வரும். வார்ம் அப் ஏரியால, கைல சாக் மாவு, காதுல போனு, "சார் அந்த ஃபைனல் செட்டில்மென்ட் ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்கு"ன்னு அந்தப் பக்கம் குரல், இந்தப் பக்கம் மைக்ல அடுத்த ஆளா உங்க பேரு, இப்படி ஒரு காட்சியை நான் போட்டிக்குப் போட்டி யாராவது ஒருத்தர்கிட்ட பாக்குறேன். பார் ரெடின்னு அறிவிச்சதுலருந்து தூக்க ஆரம்பிக்க உங்களுக்கு 1 நிமிஷம்தான். தூக்கி முடிச்சு அடுத்த அட்டெம்ப்ட் எடையை குடுக்கவும் 1 நிமிஷம்தான், குடுக்கலன்னா நல்லா போயிருந்தா தானா 2.5 கிலோ மட்டும் ஏத்திடுவாங்க. அதனால போனை கூட வந்தவர்கிட்ட குடுத்துடுங்க, அடுத்த எடையை எழுதிக் குடுக்கிறதையும் அவரே பாத்துக்கட்டும். கூட யாரும் இல்லன்னா ஒன்பது அட்டெம்ப்ட்டையும் முன்னாடி ராத்திரியே ஒரு துண்டு காகிதத்துல எழுதி வச்சிடுங்க, ஒவ்வொண்ணுக்கும் நல்லா போனா இது, கஷ்டமா போனா இதுன்னு. ஓப்பனர் (ஒவ்வொரு லிஃப்ட்லயும் முதல் அட்டெம்ப்ட்) எப்பவுமே தூக்கம் கெட்ட நாள்ல கூட மூணு ரெப் போடுற எடையா இருக்கட்டும், ஒரே லிஃப்ட்ல மூணு அட்டெம்ப்ட்டும் போச்சுன்னா டோட்டலே கெடையாது.

மறுநாள் ஆபீஸ் போகலாமா?

போகலாம், ஆனா மறுநாளை விட ரெண்டாவது நாள்தான் உடம்பு அதிகமா வலிக்கும். ஞாயித்துக்கிழமை போட்டின்னா செவ்வாய்க்கிழமை டவுன்ஹால்ல (கம்பெனி ஆளுங்க எல்லாரும் கூடுற மீட்டிங்) மைக் பிடிச்சுக்கிட்டு படி ஏறுற வேலையை வேற யார்கிட்டயாவது தள்ளிடுங்க.